குசினி வாசலோடு நின்ற சூடு

நான் என் கால்களைப் பற்றி எழுதப் போகிறேன். முகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். கியூபெக்கில், லாசால் என்ற இடத்தில், உறைந்த மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்று வேலை செய்தவளுக்கு முகத்தைவிடக் கால்தான் முக்கியம். பட்டாணி இளகிவிடக் கூடாது என்பதற்காக அந்த அறையை எப்போதும் குளிரில் வைத்திருப்பார்கள். பட்டாணிக்குக் காட்டிய கரிசனையில் பாதியை எங்களுக்குக் காட்டியிருக்கலாம். இரண்டு சோடி சொக்ஸ், அதற்கு மேல் அவர்கள் தந்த பூட்ஸ். அப்படியும் வீட்டுக்கு வந்து கழற்றினால் விரல்கள் வெள்ளை வெளேரென்று, என்னுடையவையே அல்லாதவை போல இருக்கும். கட்டிலில் என் கால் தட்டுப்பட்டால் என் கணவர் "ஐயோ!" என்று துள்ளி எழும்புவார். அத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் எனக்குப் பயந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. அவரிடம் ஒரு குணம் உண்டு. வேலையிடத்தில் தேநீர் இடைவேளையில் கேட்ட கதை, வீட்டுக்கு வரும்போது அவரே கண்டுபிடித்த கதையாகிவிடும். கர்க்லாண்டில் புது வீடு கட்டுவிக்கத் தொடங்கிய நேரம் ஒருநாள் சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"இஞ்சேரும், நிலத்துக்குக் கீழ சூடு இருக்குதாம்."

"ஓம், நரகம் எண்டு சின்னனில ஞானோபதேச வகுப்பில படிச்சனாங்கள்."

"பகிடி விடாதையும். வடிவாக் கேளும்."

வடிவாகக் கேட்டேன். வேறு வழியில்லை, அன்றிலிருந்து மூன்று மாதம் அந்தக் கதைதான். மேலே எவ்வளவு பனி கொட்டினாலும் ஆழத்தில் மண் மாரி கோடை என்று பாராமல் ஒரே மாதிரி இருக்குமாம். சூடு என்று சொல்ல முடியாது, வெளியில் இருப்பதைவிடப் பரவாயில்லை என்று சொல்லலாம். பல நூறு அடிக்குத் துளையிட்டு, குழாய் இறக்கி, உறையாத தண்ணீரை உள்ளே சுற்றவிட்டால் அது அந்தப் பரவாயில்லாத சூட்டை மேலே கொண்டு வரும். பேஸ்மென்டில் இருக்கிற ஹீட் பம்ப் அதை வாங்கிக் கூட்டிக் கொடுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கிற சூட்டைப் பிடுங்கிப் பின்னால் தள்ளுகிறதே, அதே வேலைதான். இங்கே பிடுங்குவது மண்ணிடம். தள்ளுவது எங்கள் காலுக்கு.

காலுக்கு என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைல்ஸுக்கு அடியில் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்து அதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிடுவார்களாம். ஹீட் பம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுப்பதுதான் சுகம், கொதிக்கக் கொதிக்கக் கேட்டால் மூச்சு வாங்கும். டைல்ஸ் போட்ட நிலமோ வீடு முழுக்கப் பரந்து கிடப்பதால் அதற்கு வெதுவெதுப்பே போதும். "ஒண்டு கனக்கக் குடுக்காது, மற்றது கனக்கக் கேக்காது. இதைவிடப் பொருத்தம் எங்க இருக்குது?" என்று கலியாணத் தரகர் மாதிரிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாம் உம்மட காலுக்காகத்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகத்தான். பெற்ற தாய்கூட என் காலைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை.

துளையிடுகிற இயந்திரம் வந்த நாளில் வீட்டு வளவு சேற்று வயலாகிவிட்டது. செய்தி கேள்விப்பட்டு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கார் ஏறி வந்து, சேறு படாத தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு நிலத்தில் துளை என்றால் கிணறு, கிணறு என்றால் கேள்வி ஒன்றுதான்.

"தண்ணி எப்பிடியண்ணை? நல்ல தண்ணியோ, உவரோ?"

என் கணவர் அது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்துவார். அவர்கள் பொறுமையாகத் தலையாட்டுவார்கள். காருக்குத் திரும்பிப் போகும்போது, "உவர் போல, மனுசன் சொல்ல வெக்கப்படுகுது" என்று தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள்.

எல்லாம் பொருத்திப் பூட்டி முடிந்ததும் அந்த வேலைக்கு வந்த கியூபெக்காரர் எங்களை நிற்கவைத்து மூன்று விஷயம் சொன்னார். குளிரறையில் இந்த ஊர்ப் பெண்களோடு நின்றே பழகியதால் எனக்குப் பிரெஞ்சு ஓரளவு விளங்கும். முதலாவது, நிலத்தை மூடாதீர்கள். இரண்டாவது, தெர்மோஸ்டாட்டை நோண்டாதீர்கள், இது ஆறுதலாகச் சூடாகி ஆறுதலாக ஆறுகிற சாமான், இன்றைக்குத் திருகினால் நாளைக்குத்தான் தெரியும். மூன்றாவது, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனித் திருகி இருக்கிறது, எந்தெந்த அறைக்குச் சூடு வேண்டும் என்று சொல்லுங்கள், திறந்துவிடுகிறேன்.

அந்த மூன்றாவதில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்லுகிற மனநிலையில் நான் இல்லை. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹோலுக்குச் சூடு வந்தது. படுக்கையறைகளுக்கு வந்தது. குளியலறைக்கு வந்தது. குசினிக்கு வரவில்லை. "அடுப்பு எரியிற இடத்தில பேந்தென்ன சூடு?" என்பது என் கணவரின் சித்தாந்தம். ஒரு நாளில் நான் முழித்திருக்கும் நேரத்தில் பாதி குசினியில் போகிறது. மிச்சப் பாதி பட்டாணியோடு போகிறது. அப்படியானால் அந்தச் சூடு யாருக்கு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு விருந்தாளிக்கு. எங்கள் ஹோலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது வீட்டு ஆட்கள் இருக்கிற இடம் அல்ல. அங்கே கண்ணாடி அலுமாரியில் நல்ல கோப்பைகள் இருக்கும். நாங்கள் உடைந்த கோப்பையில் குடிப்போம். அங்கே சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கும். ரீவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் பை. வருகிற ஆட்கள் பார்ப்பதற்காகவே சுவாசிக்கிற அறை அது. அந்த அறையின் டைல்ஸ்தான் கர்க்லாண்டிலேயே சுகமான டைல்ஸாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் செபமாலைக் கூட்டம் எங்கள் வீட்டில் தொடங்கியது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் மாதா சுரூபத்தை வைத்துச் செபமாலை சொல்லுவது வழக்கம். லாசால் அடுக்குமாடியில் இருந்த காலத்தில் எல்லோருக்கும் முழங்கால் நோ. ஒருவருக்கு வாதம், ஒருவருக்கு எலும்புத் தேய்வு, இருபத்தைந்து வயசுக்காரருக்கும் ஏதோ ஒன்று. நாலு கதிரைக்குப் பதினைந்து பேர் அடிபடுவார்கள். எங்கள் புது வீட்டு ஹோலில் அந்த நோயெல்லாம் தீர்ந்தது. வந்தவர்கள் சொக்ஸையும் கழற்றிவிட்டு நிலத்தில் முழந்தாளிட்டார்கள். ஐம்பது மணி உருட்டுவதோடு முடிகிற செபமாலையை, "முழுச் செபமாலையாச் சொல்லுவம்" என்று ஒருவர் முன்மொழிய, எல்லோரும் வழிமொழிந்தார்கள். அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போக வேண்டிய மாதா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பக்கத்துத் தெருச் சைவக் குடும்பம் ஒன்றும் வரத் தொடங்கியது. எல்லாம் ஒரே கடவுள்தானே என்று அந்த அண்ணை காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

இவ்வளவும் எனக்குக் காதால் தெரியும், கண்ணால் அல்ல. நான் குசினியில் நிற்பேன். ஹோலின் சூடு குசினி வாசலோடு நின்றுவிடும். வாசலைத் தாண்டுகிற அந்த ஒரு அடியில் உள்ளங்காலுக்கு நாடு மாறியது தெரியும். விசா கேட்காத குறைதான். உள்ளே ரோல்ஸ் பொரியும், வெளியே, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முப்பது குரல் ஒன்றாக வரும். நான் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்று, எனக்காகவும் என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

செருப்புப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டேன். என் கணவர் கண்டுவிட்டார்.

"என்ன செய்யிறீர்? இந்த வீட்டில நீர் செருப்போட திரிஞ்சால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? நிலம் வேலை செய்யேல்லை எண்டெல்லோ கதைக்குங்கள்!"

நிலத்தின் மானத்தைக் காப்பாற்றச் செருப்பைக் கழற்றினேன். பழைய இரண்டு சோடி சொக்ஸ் திரும்பி வந்தன.

செபம் முடிந்தால் தேத்தண்ணி. நான் போய்க் கேட்பேன், அதுவும் ஒரு செபம் மாதிரித்தான்.

"ஐயோ வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சிட்டு வாறம்."

"ஒரு வாய் குடியுங்கோ."

"உங்களுக்கேன் கரைச்சல்?"

"இதிலென்ன கரைச்சல். எல்லாம் ஊத்தியாச்சு."

"சரி, அப்ப கொஞ்சமாத் தாங்கோ."

கொஞ்சமாக என்றால் நிரம்ப. எங்கள் ஆட்களிடம் முதல் "வேண்டாம்" கணக்கில் இல்லை. இரண்டாவது மரியாதைக்கு. மூன்றாவது தரமும் வேண்டாம் என்றால்தான் உண்மையில் ஏதோ வருத்தம் என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பாலோடு வந்தது. முதல் தரத்திலேயே "ஓம், தாங்கோ" என்று கையை நீட்டிய ஒரு ஆளைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரு வருடம் கதைத்தோம்.

நான் தட்டத்தோடு ஹோலுக்குள் வரும்போது என் கணவர் நிலத்தைக் கையால் தடவிக்காட்டிக்கொண்டிருப்பார். ஹீட் பம்பும் நிலமும் எப்படிப் பொருந்திப் போகின்றன என்ற பிரசங்கம் முடிகிற இடமாக இருக்கும்.

"எல்லாம் இவவின்ர காலுக்காகத்தான் செய்தது."

"குடுத்து வச்சனீங்கள் அக்கா" என்று பெண்கள் என் காலைப் பார்ப்பார்கள். இரண்டு சோடி சொக்ஸுக்குள் இருக்கிற விரல்களை மடக்கிக்கொண்டு நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பத்திக்கொண்டு வருகிறது.

அடுத்த குளிர்காலத்துக்கு முன், மாதாவுக்கு ஏற்றிய மெழுகுதிரி உருகி ஒரு டைல்ஸில் சிந்தியது. என் கணவர் அதைப் பிளேட்டால் சுரண்டி எடுத்தார். ஒரு கீறல் விழுந்துவிட்டது. கீறலைப் பார்த்த அன்றே போய் ஒரு கார்ப்பெட் வாங்கிவந்து விரித்தார். பிறகு கார்ப்பெட் ஊத்தையாகக் கூடாது என்று அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. பிறகு பிளாஸ்டிக் வடிவாக இல்லை என்று அதற்கு மேல் இன்னொரு கார்ப்பெட். நல்ல பொருளென்றால் மூடி வைக்க வேண்டும். சோபாவுக்குச் செய்ததை நிலத்துக்கும் செய்தார். கியூபெக்காரர் சொன்ன முதலாவது விஷயம் அதோடு சரி.

இரண்டாவதும் தப்பவில்லை. வெளியே போகும்போது ஹீட்டரைக் குறைப்பது, வந்து கூட்டுவது என்று அடுக்குமாடியில் பழகிய கை அது. காலையில் வேலைக்குப் போகும்போது குறைப்பார். பின்னேரம் வந்து, நிலம் தணுப்பாக இருக்கிறதே என்று ஒரேயடியாகக் கூட்டுவார். அது மெல்ல மெல்லச் சூடாகி, அடுத்தநாள் நாங்கள் வேலைக்குப் புறப்பட்டுப் போன பிறகு வீடு அருமையாக இருக்கும். ரீவியும் பிளாஸ்டிக் உறைச் சோபாவும் அதை அனுபவித்தன.

தை மாதத்தில் கடுங்குளிர் பிடித்தது. செபமாலைக்கு வந்தவர்களுக்குத் திரும்பவும் முழங்கால் நோ தொடங்கியது. ஒருவர் கதிரை கேட்டார். என் கணவரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பங்குச் சுவாமியார் வருவதாக இருந்தது. மறுநாளே தொலைபேசி எடுத்து, உங்கள் இயந்திரம் பழுது என்று சண்டைக்குப் போனார்.

அதே கியூபெக்காரர் வந்தார். பேஸ்மென்டில் இறங்கி ஹீட் பம்பைப் பார்த்தார், அதற்கு ஒரு குறையும் இல்லை. ஹோலுக்கு வந்து முழந்தாளிட்டு, மேல் கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கினார். அதன் கீழ் பிளாஸ்டிக்கைத் தூக்கினார். அதன் கீழ்க் கார்ப்பெட்டையும் தூக்கிக் கையை உள்ளே விட்டார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"மிசியே, கீழே நல்ல சூடு. நீங்கள் நிலத்துக்குக் கோட் போட்டு விட்டிருக்கிறீர்கள்."

என் கணவர் விளங்காதவர் போல நின்றார். அவருக்கு விளங்கியது எனக்குத் தெரியும், காது சிவந்திருந்தது. நான் ஹோலை விட்டுக் குசினிக்குள் போய்விட்டேன், சிரிப்பை அங்கேதான் விட வேண்டியிருந்தது. பார்த்தால் கியூபெக்காரரும் ஒவ்வொரு அறையின் திருகியாகப் பார்த்துக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த திருகியின் முன்னால் நின்றார். குனிந்து நிலத்தைத் தொட்டார்.

"மதாம், இது உடைந்துவிட்டதா?"

"இல்லை."

"இந்தப் பக்கம் ஒரு நாளும் திறக்கப்படவே இல்லை. நீங்கள் வீட்டில் சமைப்பதில்லையா?"

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அந்த மணம்தான். அவர் அதைப் பார்த்தார், என் சொக்ஸைப் பார்த்தார், பிறகு நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "பிறகு ஏன் திருகவில்லை?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் வந்து நின்ற என் கணவரை நோக்கித் தமிழில்தான் வந்தது. இரண்டு குளிர்காலமாகச் சேர்ந்தது ஒன்றாக வந்தது.

"கேளுங்கோ, அந்த மனுசன் கேக்கிறதைக் கேளுங்கோ! ஊருக்கெல்லாம் என்ர காலுக்காக எண்டு பிரசங்கம் வைக்கிறியள். என்ர கால் எங்க நிக்குது எண்டு ஒருநாள் பாத்தனீங்களோ? வாற போற ஆக்களின்ர முழங்காலுக்குச் சூடு, எனக்குச் சொக்ஸ்!"

அவர் திகைத்துப் போனார். நடிப்பில்லை, உண்மையான திகைப்பு.

"நான் கேட்டனான்தானே?"

"எப்ப கேட்டனீங்கள்?"

"பூட்டின அண்டைக்கு. குசினிக்கும் விடச் சொல்லவோ எண்டு கேட்டனான். நீர்தானே, எனக்கென்னத்துக்கு, அடுப்புச் சூடு காணும் எண்டு சொன்னனீர். அதைத்தானே நானும் எல்லாருக்கும் சொல்லுறன்."

இதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்று ஒத்திப்போட்ட இடம். ஓம், அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அடுப்பைப் பற்றிய அந்தச் சித்தாந்தம் அவருடையது அல்ல, நான் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான் சொன்னது முதல் "வேண்டாம்". யாராவது என்னைக் கேட்டிருந்தால் அதன் அர்த்தம் ஓம் என்று சொல்லியிருப்பேன். தேத்தண்ணிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன், சொல்லிவிட்டு இரண்டாவது தரம் கேட்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கியூபெக்காரரிடம் திரும்பிக் குசினிக்குத் தேவையில்லை என்றார். வந்த ஆட்களுக்கெல்லாம் மூன்று தரம் கேட்டுத் தேத்தண்ணி வார்த்தவள், இரண்டு குளிர்காலமாகத் தன் வீட்டில் இரண்டாவது கேள்விக்குக் காத்துக்கொண்டு நின்றேன். திருகி என் தோள் மட்டத்தில் இருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என் தோள் அதில் முட்டும். யாரும் என் கையைக் கட்டி வைக்கவில்லை. நானாகத் திருகினால் நானாகக் கேட்டதாகிவிடும் என்ற வீம்பு. கேட்டு வாங்கிய சூடு சூடா?

கியூபெக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு திருகிக்கு இவ்வளவு தமிழ் தேவையா என்று நினைத்திருப்பார்.

நான் போய்த் திருகினேன். சுண்டுவிரலுக்குக்கூட வேலையில்லாத ஒரு திருப்பு. அவர் பேஸ்மென்டில் எதையோ திறந்துவிட்டு, "நாளைக்கு, மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் கார்ப்பெட்டுகளைச் சுருட்டிக் கராஜுக்குக் கொண்டுபோனார். சோபாவின் பிளாஸ்டிக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

அன்றைக்கு ஒரு மாற்றமும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி, பொழுதுபடும்வரை போய்ப் போய் நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது பாத்திரம் கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு வெதுவெதுப்பு. சொக்ஸைக் கழற்றினேன். இரண்டு காலையும் ஒன்றாக வைத்தேன். எவ்வளவு சந்தோசமாக இருந்ததோ அவ்வளவு கோபமாகவும் இருந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேத்தில் கொதித்து அடங்கும்வரை நின்று அழுதேன்.

சுவாமியார் வந்த அன்று ஹோலில் எல்லோருடைய முழங்காலும் திரும்பவும் சுகமாகிவிட்டது. நான் குசினியில் வெறுங்காலோடு நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிரசங்கம் வைக்க வேண்டிய நேரத்தில் என் கணவர் உள்ளே வந்தார். திருகியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"சூடு காணுமோ? இன்னும் கொஞ்சம் கூட்டவோ?"

"காணும், காணும்" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

"சரி" என்று அவர் திரும்பினார். ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். "காணாதப்பா. கூட்டுங்கோ."